பனியில் வளர்ந்த பெல்ட், பாறையில் படும் பாடு

சைடு-பை-சைடு வண்டியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். ஜீப்பின் சின்னத் தம்பி மாதிரி இருக்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், கூண்டு மாதிரி இரும்புக் குழாய், பெரிய டயர், நீளமான சஸ்பென்ஷன். அமெரிக்காவில் பண்ணை வேலைக்கும், மணல்மேட்டில் கூத்தடிக்கவும் இதைத்தான் வாங்குகிறார்கள். இந்த வண்டிகளைப் பற்றி அதிகம் கேட்கும் புகார் "கியர்பாக்ஸ் போச்சு" என்பது. எஞ்சின் அலறுது, வண்டி நகரலை. ரப்பர் கருகுற வாடை. கியர் மாத்தினா 'கரக் கரக்'. உதறி உதறிக் கிளம்புது.

இதில் பெரும்பாலான சமயம் கியர்பாக்ஸ் அப்பாவி. குற்றவாளி அதற்கு முன்னால் ஓடும் ஒரு ரப்பர் பெல்ட். அந்த பெல்ட்டையும் குற்றவாளி என்று சொல்லலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் பரிதாபம்கூட வரும்.

தத்துவம் உங்கள் வீட்டு ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் இருப்பதுதான். இரண்டு புல்லி, நடுவில் ஒரு V வடிவ பெல்ட். ஒவ்வொரு புல்லியும் இரண்டு கூம்புத் தட்டுகள். எஞ்சின் வேகம் கூடும்போது முன் புல்லியில் இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் வீசப்பட்டுத் தட்டுகளை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது அல்லவா, அதனால் பின் புல்லியில் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கும். படிப்படியான கியர் கிடையாது, வழுக்கிக்கொண்டு போகும் விகிதம். அதனால்தான் சி.வி.டி. என்கிறார்கள்.

இதை லியனார்டோ டா வின்சி 1490-லேயே கண்டுபிடித்துவிட்டார் என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் எழுதியிருக்கும். அவர் வரைந்தது ஒரு யோசனை. அதிலிருந்து எந்த வண்டியும் ஓடவில்லை. என் கணக்கில் கதை தொடங்குவது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மில்டன் ரீவ்ஸிடம். 1879-ல் மரம் அறுக்கும் ஆலையில் ரம்பத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வழி வேண்டும் என்று யோசித்தவர், விரிந்து சுருங்கும் புல்லியில் போய் நின்றார். ரீவ்ஸ் குடும்பம் இந்தப் புல்லிகளை விற்றே பெரிய கம்பெனி நடத்தியது. 1896-ல் அதையே ஒரு மோட்டார் வண்டியிலும் பூட்டினார். (இதே மனிதர்தான் 1911-ல் எட்டுச் சக்கர காரும் செய்தார். யாரும் வாங்கலை.)

அடுத்து கலிபோர்னியாவின் சால்ஸ்பரி. 1930-களின் பிற்பாதியில் மோட்டார் கிளைடு என்ற தன் ஸ்கூட்டரில், ஓட்டுபவர் எதையும் தொடாமல் விகிதம் தானே மாறும் பெல்ட் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். 80-களில் நம் தெருவில் ஓடிய கைனடிக் ஹோண்டா வரைக்கும் வந்த வழி இதுதான்.

காரில் இதை நிலைநிறுத்தியவர் நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன். அவருடைய டாஃப் கம்பெனி 1958-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் டாஃப் 600-ஐக் காட்டியது. 590 சி.சி., காற்றில் குளிரும் இரட்டை சிலிண்டர், பின் சக்கரங்களுக்கு இரண்டு பெல்ட். வேரியோமேட்டிக் என்ற பெயரே அவர்கள் வைத்ததுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்-பின் திசையை மாற்றும் பற்சக்கரம் பெல்ட்டுக்கு முன்னாலேயே இருந்தது. அதனால் ரிவர்ஸ் போட்டாலும் பெல்ட்டின் முழு விகிதமும் கிடைக்கும். முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகலாம். நெதர்லாந்துக்காரர்கள் பிற்பாடு பழைய டாஃப் கார்களை வைத்து ரிவர்ஸ் ரேஸே நடத்தினார்கள்.

இந்தத் தகவல் சும்மா சுவாரசியத்துக்கு இல்லை. சைடு-பை-சைடில் திசை மாற்றும் கியர்பாக்ஸ் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் விளைவு ஒன்றுதான்: விட்டால் ரிவர்ஸிலும் பறக்கும். அதனால் பல மாடல்களில் ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் வேகத்தை மின்னணு முறையில் அடக்கிவிடுகிறார்கள். புதிதாக வாங்கியவர் "ரிவர்ஸ்ல எஞ்சின் இருமுது, அடைக்குது" என்று பதறினால், பழுது எதுவும் இருக்க வேண்டியதில்லை. அந்த அடக்குமுறைதான் இருமுகிறது.

சரி, பெல்ட் காட்டுக்கு எப்படி வந்தது? பனி வழியாக. மினசோட்டா மாநிலத்தின் ரோசோ என்ற சிற்றூரில் எட்கர் ஹெட்டீன், ஆலன் ஹெட்டீன், டேவிட் ஜான்சன் மூவரும் 1954-ல் தொடங்கிய பட்டறைதான் போலாரிஸ். விவசாயக் கருவி செய்துகொண்டிருந்தவர்கள் பனியில் ஓடும் வண்டி செய்யத் தொடங்கினார்கள். 1960-ல் எட்கர் அந்த வண்டிகளை அலாஸ்காவுக்கு எடுத்துப்போய் ஆயிரம் மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். 60-களில் பனிவண்டி உலகம் முழுக்க பெல்ட் அமைப்புக்கு மாறியது. கையுறை போட்ட கையால் கியர் மாற்ற முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெல்ட்டுக்கு அதைவிட சொகுசான இடமே கிடையாது. வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே. சுமை அதிகமானால் அடியில் இருக்கும் பட்டை பனியில் வழுக்கிவிடும். பெல்ட் வழுக்க வேண்டிய அவசியமே வராது.

1985-ல் போலாரிஸ் அதே அமைப்பை ட்ரெயில் பாஸ் என்ற ஏ.டி.வி.யில் போட்டது. 1998-ல் ரேஞ்சர் வந்தது, 2000-களில் யமஹா ரைனோவும் போலாரிஸ் ஆர்.இஸட்.ஆரும் வந்தன. கைக்குப் பழகிய அமைப்பு, ஓட்டவும் எளிது, விலையும் குறைவு. எஞ்சினியர்கள் அதையே எடுத்தது இயல்பு. ஆனால் சூழல் தலைகீழ். தூசி, சேறு, வெயில். நான்கு சக்கரமும் இழுக்கிறது, பெரிய டயர் பாறையைக் கவ்விப் பிடிக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எங்கோ ஒன்று வழுக்கியாக வேண்டும் என்றால், அது இப்போது பெல்ட்தான். வழுக்கினால் சூடு, சூடு ரப்பருக்கு எமன். இந்தப் பழுதுகளில் பெரும்பாதிக்கு இது ஒன்றுதான் மூலக்காரணம் என்று நினைக்கிறேன்.

எங்க தொழிலில் புரோகிராம் விழுந்தால் முதலில் லாக் ஃபைலைத் திறப்போம். இங்கே பெல்ட்தான் லாக். கழற்றி, சுற்றிலும் விரலால் பிடித்துப் பார்க்கணும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கிக் கருகியிருந்தால், சக்கரம் சேற்றிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டு நகராமல் இருந்தபோது முன் புல்லி மட்டும் சுழன்றிருக்கிறது. சுற்றிலும் பக்கச்சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்தால் மெதுவான வழுக்கல்: தண்ணீர் புகுந்திருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம், பின் புல்லி ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்லை ஓட்டுபவர் மேட்டிலும் சுமையோடும் 'எல்' போடாமல் 'ஹெச்'சிலேயே ஓட்டியிருக்கலாம். ஓரம் நார் நாராகப் பிரிந்தால் இரண்டு புல்லியும் நேர்கோட்டில் இல்லை. அடிப்பக்கப் பற்கள் பெயர்ந்திருந்தால், வண்டி எகிறிக் குதித்துத் தரையில் இறங்கியபோதும் கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்திருக்கும்.

இதைப் பார்க்காமல் புது பெல்ட்டை மட்டும் மாட்டினால் அதுவும் அதே பாட்டைத்தான் பாடும். காற்றுக் குழாயில் சேறு அடைத்திருக்கிறதா, முன் புல்லியின் ரோலர்கள் தூசியில் இறுகிக் கிடக்கின்றனவா என்று பார்த்தாகணும். அறுந்த பெல்ட்டின் நார் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும், அதையும் ஒரு துணுக்கு விடாமல் எடுக்கணும். தண்ணீர் புகுந்த வண்டியில் பெல்ட் பெட்டியின் வடிகால் மூடியைத் திறந்துவிட்டு, நியூட்ரலில் எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணினால் காய்ந்துவிடும்.

கியர் மாற்றும்போது வரும் 'கரக்' சத்தம் இன்னும் ஏமாற்று வேலை. வண்டி நின்றிருந்தாலும், ஐடில் வேகம் அதிகமாகவோ பெல்ட் இறுக்கமாகவோ இருந்தால் பின் புல்லி மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும் பற்சக்கரத்தில் நிற்கும் பற்சக்கரத்தைச் செருகினால் கரக்கத்தானே செய்யும்? முதலில் ஐடில், பிறகு பெல்ட், பிறகு லீவர் கேபிள். மூன்றும் சரியாக இருந்து, அப்புறமும் சத்தம் வந்தால்தான் கியர்பாக்ஸைப் பிரிக்க ஸ்பானரை எடுக்கணும்.

பெல்ட்டே வேண்டாம் என்று விலகியவர்களும் உண்டு. யமஹா 2015-ல் ஒய்.எக்ஸ்.இஸட். 1000 ஆர்-ஐ ஐந்து கியர் கையால் மாற்றும் பெட்டியோடு விட்டது. ஹோண்டா தன் பயனியர் 1000-லும் டேலனிலும் இரட்டை கிளட்ச் பெட்டி வைத்தது. எனக்கு ஆச்சரியம் தந்தது 2023-ல் வந்த கேன்-ஆம் மேவரிக் ஆர். 240 குதிரைத்திறன், ஏழு கியர், இரட்டை கிளட்ச், பெல்ட் கிடையாது. இதைச் செய்வது ஸ்கீ-டூ பனிவண்டிகளால் பெயர் வாங்கிய அதே பாம்பார்டியே பரம்பரை. அந்தப் பக்கம் போலாரிஸ், ஆர்.இஸட்.ஆர். புரோ ஆர்-இல் 225 குதிரைத்திறனை இன்னும் ஒரு ரப்பர் பெல்ட்டின் முதுகில்தான் ஏற்றி வைத்திருக்கிறது.