சட்டாம்பிள்ளையின் வம்சம்

பள்ளிக்கூடத்துக்கு முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனைப் பாராட்டவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம் என்று அதற்குப் பொருள். மூன்றாமவனுக்கு ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. இப்படியே ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டு போகும். 1823 ஆகஸ்டில் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில் இருக்கும் செய்தி இது. 30 பேர் படிக்கும் பள்ளியில் கடைசியாக வருபவனுக்கு 28 அடி என்று ஆகிறது. எந்த வாத்தியாரின் கையும் அதற்குத் தாங்காது. நாலைந்து பேருக்குப் பிறகு பேருக்குத் தட்டிவிட்டு உள்ளே விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். 33 வருஷம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் காலை மணி அடித்தவள் நான். நேரங்கழித்து வரும் கூட்டத்தின் அளவு எனக்குத் தெரியும்.

சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல், மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று எல்லாக் கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று விடை வந்தது. அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர். திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் முதல் எண்ணைச் சொல்வார்கள், கடைசி எண்ணை விட்டுவிடுவார்கள். நான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் திண்ணைக்கு உள்பக்கம், அடுப்படியில் இருந்திருப்பேன்.

பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் பேசும் சீமை. ஆனால் காவிரிக்கரையிலும் வழக்கம் ஏறக்குறைய இதுதான். முதலில் வருகிறவனுக்கு வேத்தான் என்று பட்டம் இருந்ததை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரம் நான் வேலை பார்த்த பாபநாசத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விடியுமுன் பிள்ளைகள் வந்து பழைய பாடத்தை முறை சொல்ல வேண்டும். பொழுது சாயும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார் உபாத்தியாயர். மறுநாள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பையன் வீடு போகும் வழியெல்லாம் அந்த மூன்று பெயரையும் முணுமுணுத்துக்கொண்டே போவான். வழியில் சண்டை போட நேரம் இருக்காது. பிரம்பைத் தொடாமல் பிள்ளைகளைக் கட்டுக்குள் வைக்கும் வித்தை அந்த வாத்தியார்களுக்கும் தெரிந்திருந்தது.

பிரம்பும் இருந்தது. அதற்கு மேல் கோதண்டம் இருந்தது. உத்தரத்தில் கயிறு கட்டி, பையனின் இரண்டு கையையும் அதில் மாட்டி, கால் தரையில் படாதபடி தொங்க விடுவது. காம்ப்பெல்லும் கப்பி வைத்துத் தொங்கவிடுவதை எழுதியிருக்கிறார். தோப்புக்கரணத்தையும் அவர் குறிப்பிடுகிறார். வலிக்கும், களைக்கும், ஆனாலும் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம் என்று அதற்கு ஒரு நற்சான்றிதழ் வேறு கொடுத்தார்.

இத்தனைக்கும் நடுவே உபாத்தியாயருக்கு வலது கையாக இருந்தவன் சட்டாம்பிள்ளை. பிள்ளைகளில் மூத்தவன், கொஞ்சம் படித்தவன். சின்னவர்களுக்கு மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பது அவன் வேலை. வராதவன் வீட்டுக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வருவதும் அவன் வேலைதான். என் தாத்தா வலங்கைமானில் திண்ணைப் பள்ளியில் படித்தவர். அவருடைய சட்டாம்பிள்ளைக்குப் பொருள்விளங்கா உருண்டை மீது ஆசை அதிகம். வாரம் ஓர் உருண்டை கொடுத்தவன் பெயர் வாத்தியார் காதுக்குப் போகாது. "வாத்தியாரைச் சமாளிச்சுடலாம்டி, அந்தப் பயலைச் சமாளிக்க முடியாது" என்பார் தாத்தா. எண்பது வயதிலும் அந்தப் பையன் மேல் அவருக்குக் கோபம் ஆறவில்லை.

இந்தச் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை விசித்திரமானது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பையன்களுக்காக 1789இல் தொடங்கிய விடுதிப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். சம்பளம் வேண்டாம் என்றார். அவருக்குக் கீழிருந்த உதவி ஆசிரியர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் நடத்த முடியவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது, பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். திரும்பிவந்து, இதேபோலச் சொல்லிக்கொடுங்கள் என்றார். ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். பெல் அவர்களோடு வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அகரவரிசை வகுப்பை அவனிடம் கொடுத்துவிட்டார். அவன் நடத்திக்காட்டினான்.

பெல் 1796இல் ஊர் திரும்பினார். மறுவருஷம் இந்த முறையை விவரித்து லண்டனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம் அவருடைய முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கலாம், செலவும் சொற்பம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் விழுந்தது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

பெல்லுக்குப் போட்டியாக லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் பையன்களை வைத்தே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். குவேக்கர் சமயத்தார், பிரம்பைத் தொடமாட்டார். அதற்குப் பதிலாகச் சேட்டைக்காரனின் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டினார். அடங்காதவனைக் கூடையில் உட்காரவைத்து மச்சிலிருந்து தொங்கவிட்டார். கோதண்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

பெல் செய்த இன்னொரு காரியத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எழும்பூர்ப் பள்ளியில் குற்றங்களை எழுத ஒரு கறுப்புப் புத்தகம் வைத்திருந்தார். வாரம் ஒருமுறை பள்ளி முழுவதும் கூடும். புத்தகத்தில் பெயர் உள்ளவனை நிறுத்தி விசாரிப்பார்கள். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்வது பையன்களே அடங்கிய ஜூரி. பெயரை எழுதுகிறவன் வேறு, தீர்ப்புச் சொல்கிறவர்கள் வேறு. நடுவில் ஆறிப்போவதற்குச் சில நாட்கள்.

இதைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். நான் பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகளில் இருந்தேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் மீட்டிங் என்று போய்விட்டால் ஒருவர். நான் ஐந்தாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்தும்போது ஒன்றாம் வகுப்பை யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும். அந்த யாராவதுதான் லீடர். அவன் கையில் ஒரு சாக்பீஸ். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே பெயர்கள். மறுபடி வாய் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் 'மிக மிக'. அப்புறம் 'அடங்கவில்லை'. தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. உருண்டை போய்ப் பென்சிலும் ஸ்டிக்கரும் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் அடிக்க இடம் தந்த பகுதி 2003இல் நீக்கப்பட்டது. 2009இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலையோ மனத்தையோ வருத்தும் தண்டனை எதுவும் கூடாது என்கிறது. பிரம்பை எடுத்துவிட்டால் வகுப்பை எப்படி நடத்துவது என்று ஆசிரியர் அறையில் அன்றைக்குப் பெரிய புலம்பல். பிரம்பு போனது, வகுப்பு நடந்தது. கரும்பலகைப் பட்டியலை மட்டும் யாரும் தொடவில்லை. மனத்தை வருத்துவதில் அதுவும் சேரும் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும். முப்பது பேர் முன்னால் தன் பெயர் நாள் முழுக்கத் தொங்குவதை ஏழு வயதுப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும்?

பிள்ளைகளை வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம்மூர் முறையை இங்கிலாந்து பின்பற்றியது சரியே என்று காம்ப்பெல் எழுதினார். அவர் பாராட்டியது மணலில் விரல் பிடித்த சட்டாம்பிள்ளையை, வேவு பார்த்தவனை அல்ல. ஃபிரிஸ்கனிடம் பெல் முதலில் ஒப்படைத்ததும் எழுத்தைத்தான்.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். லீடர் இல்லாமல் ஈராசிரியர் பள்ளி ஓடாது, வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருவனை மாற்றுங்கள். பெண் பிள்ளைகளுக்கும், கடைசி வரிசைக்கும், அதிகம் சேட்டை பண்ணுகிறவனுக்கும் முறை வரட்டும். சின்ன வகுப்பில் நாலு பேருக்கு வாசிக்கச் சொல்லித்தரும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள். சாக்பீஸை மட்டும் வாங்கி உங்கள் மேசை டிராயரில் போடுங்கள்.