தெருவோரத் தொலைக்காட்சியும் ஒரு தேசிய வீரனும்: 1954ஆம் ஆண்டின் ஜப்பானிய மல்யுத்தம்

1954 பிப்ரவரி 19 அன்று டோக்கியோவின் குராமே கொக்குகிகான் அரங்கில் நடைபெற்ற தொழில்முறை மல்யுத்தக் காட்சியை, அரங்கினுள் அமர்ந்து பார்த்தோரைவிடத் தெருவில் நின்று பார்த்தோரே மிகுதி. ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. பெட்டி வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. ஆகவே, நிப்பான் தொலைக்காட்சி நிறுவனம் பொது இடங்களில் நிறுவியிருந்த பெட்டிகளின் முன் மக்கள் திரண்டனர். ஷிம்பாஷி ரயில் நிலையத்தின் முன் கூடிய பெருந்திரள் அக்காலத்தின் அடையாளக் காட்சியாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

அவர்கள் கண்டது என்ன? ரிக்கிடோசான், கிமுரா மசாஹிக்கோ ஆகிய இருவர், உருவத்தில் தம்மினும் பெரியவர்களான ஷார்ப் சகோதரர்களை எதிர்த்து நின்றதை. உள்ளங்கையின் ஓரத்தால் ரிக்கிடோசான் அறைந்த ஒவ்வோர் அறைக்கும் வெள்ளையரின் உடல் தளர்ந்து சரிந்தது. அமெரிக்கா தலைமையிலான நேச நாட்டு ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில்தான் முடிவுற்றிருந்தது. போரில் தோற்ற மக்கள், மேடையில் அமெரிக்கர் வீழ்வதாகக் கருதி ஆர்ப்பரித்தனர். ஆனால் ஷார்ப் சகோதரர்கள் அமெரிக்கர் அல்லர். கனடாவின் ஹாமில்டன் நகரத்தவர்.

வீரனின் கதையும் அத்தகையதே. ரிக்கிடோசானின் இயற்பெயர் கிம் சின்-ராக். ஜப்பானியக் காலனியாட்சியின் கீழிருந்த கொரியாவில், இன்றைய வட கொரியப் பகுதியில் பிறந்தவர். 1940இல் சுமோ களத்துக்கு வந்து, ‘செக்கிவாக்கே’ என்னும் உயர்நிலை வரை முன்னேறி, 1950இல் அதைத் துறந்தார். பொதுமக்களுக்கு அவர் நாகசாகி மாவட்டத்தில் பிறந்த ஜப்பானியராகவே அறிமுகப்படுத்தப்பட்டார். ஜப்பானின் மானத்தை மீட்டவராகக் கொண்டாடப்பட்டவர், ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஒரு மக்களினத்தின் மகன் என்பதை அவர் வாழ்ந்த காலத்தில் பெரும்பாலான ரசிகர்கள் அறிந்திருக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று, அதே அரங்கில், ஜப்பானின் முதல் கனரகப் பட்டத்துக்காக ரிக்கிடோசானும் கிமுராவும் மோதினர். கிமுரா சாதாரணர் அல்லர். ஜூடோவில் நிகரற்றவராக விளங்கியவர்; 1951இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில் எலியோ கிரேசியை வென்றவர். ஷார்ப் சகோதரர்களுடனான தொடரில் ரிக்கிடோசானின் புகழுக்குத் துணைநிற்பவராகவே தாம் ஆக்கப்பட்ட மனக்குறை அவருக்கு இருந்தது. முதல் போட்டி சமநிலையில் முடிய வேண்டும் என்று முன்பே உடன்பாடு செய்யப்பட்டிருந்ததாகக் கிமுரா பின்னர் எழுதினார். போட்டியின் நடுவே ரிக்கிடோசான் உண்மையாகவே தாக்கத் தொடங்கினார். 16 நிமிடங்களுக்குள் கிமுரா நினைவிழந்து வீழ்ந்தார். கிமுராவே முதலில் விதிமீறி உதைத்தார் என்பது ரிக்கிடோசான் தரப்பின் வாதம். எது உண்மையாயினும், அன்றைய தோல்வியின் நிழல் கிமுராவின் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

இதன் பின்னர் ரிக்கிடோசானின் செல்வாக்கு மேலும் பெருகியது. 1957 அக்டோபரில் டோக்கியோவில் உலகப் பட்டத்துக்காக லூ தெஸ்ஸுடன் அவர் மோதிய போட்டி 60 நிமிடம் நீடித்துச் சமநிலையில் முடிந்தது. 1963 மே 24 அன்று ‘டெஸ்ட்ராயர்’ என்னும் முகமூடி வீரருடன் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஒளிபரப்பு 64 சதவீதப் பார்வையாளர் அளவை எட்டியது. அதே ஆண்டு டிசம்பரில், இரவு விடுதி ஒன்றில் கத்தியால் குத்தப்பட்ட ரிக்கிடோசான், ஒரு வாரத்தில் உயிரிழந்தார்.

முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட விளையாட்டு என்பதால் தொழில்முறை மல்யுத்தத்தை வரலாற்றாய்வு பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. 1954ஆம் ஆண்டோ அதற்கு மாறான பாடத்தைத் தருகிறது. அந்த மேடையில் வெற்றி தோல்வி மட்டுமன்றி, எதிரியின் நாடும் வீரனின் பிறப்பும்கூடப் புனையப்பட்டவையாக இருந்தன. தெருவில் நின்ற மக்களின் ஆறாத காயம் மட்டும் புனைவன்று. அந்நியரோடு நிகழ்ந்த மோதல்கள் ஒத்திகைப்படி நடந்தேறின. ஜப்பானின் முதல்வன் யார் என்பதற்காகத் தோழர் இருவர் மோதியபோதே உண்மையான குருதி சிந்தியது. தேசத்தின் உருவமாக நிற்கும் இடம் ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அந்த இடத்துக்காக ஒருவர் தம் தோழனை வீழ்த்தினார். தாம் பிறந்த மண்ணின் பெயரையும் மறைத்தார்.