பால்சோறு பூனைக்குச் சம்பளம் இல்லை

"அடுப்புல பூனை தூங்குது" என்று நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்த வீட்டில் உலை வைத்து நாளாகிறது, சோற்றுக்கே வழியில்லை என்று பொருள். வறுமையைச் சொல்ல வந்த பேச்சுதான். ஆனால் பழைய வீட்டுக்குள் பூனை எப்படி வாழ்ந்தது என்பதும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பூனைக்கென்று யாரும் மெத்தை வாங்கியதில்லை. அடுப்பு எரிகிற வீட்டில் அடுப்போரம் படுக்கும். எரியாத வீட்டில் அடுப்புக்குள்ளேயே, ஆறின சாம்பலில் படுக்கும்.

இன்றைக்கு பெட் ஷாப்புக்குப் போனால் பூனைக்கென்றே தனி அலமாரி இருக்கிறது. மூட்டையில் லிட்டர், பையில் உலர்தீனி, சின்னப் பொட்டலத்தில் ஈரத்தீனி, கழுத்துப்பட்டை, மணி, நகம் கீறத் தூண். கள்ளக்குறிச்சியில் மாடி வீட்டில் பூனை வளர்க்கும் என் அத்தை ஒருநாள் கேட்டார்: "எங்க அம்மா காலத்துல ஒரு உருண்டை பால்சோறு வெச்சாப் போதும், பூனை வாட்டசாட்டமா இருக்கும். இப்ப மட்டும் இத்தனையும் எதுக்கு? எல்லாம் கடைக்காரன் கட்டிவிடற கதையா?"

நியாயமான கேள்வி. பதில் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பால்சோறு பூனையின் சம்பளம் இல்லை. அது தீபாவளி இனாம் மாதிரி. சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

தொம்பையும் எலியும்

பூனை மனிதனோடு சேர்ந்த கதை தானியத்தில் தொடங்குகிறது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2007ல் 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு, உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாம் மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனை வழியில் வந்தவை என்று காட்டியது. முதன்முதலில் பயிர் செய்து தானியம் சேர்த்துவைத்த நிலம் அது. தானியம் இருந்த இடத்துக்கு எலி வந்தது, எலி இருந்த இடத்துக்குப் பூனை வந்தது. யாரும் பிடித்துக் கட்டிப் பழக்கவில்லை. அதுவாக வேலைக்கு வந்து சேர்ந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் காடுகளிலும் பூனைகள் உண்டு. சங்கப் பாடல்களில் வருகிற வெருகு அப்படிப்பட்ட காட்டு இனம். குறுந்தொகையில் முல்லை அரும்புக்கு வெருகின் பல்லை உவமை சொல்லியிருக்கிறார்கள். உலகத்தின் மிகச்சிறிய பூனை இனங்களில் ஒன்றான துருப்புள்ளிப் பூனையை 1831ல் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ஜோஃப்ருவா செந்திலேர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது புதுச்சேரியில் கிடைத்த மாதிரியை வைத்துத்தான். ஆனால் இவை எதுவும் நம் வீட்டுப்பூனைக்கு முன்னோர் இல்லை. நம் வீட்டுப்பூனை வெளியிலிருந்து வந்து, நம் தானியத்தோடு ஒட்டிக்கொண்ட விருந்தாளி. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், 7ஆம் நூற்றாண்டிலேயே, கைகளை உயர்த்தித் தவம் செய்கிற பூனையும் அதன் காலடியில் எலிகளும் இருக்கின்றன. அந்தக் கேலி புரிய வேண்டும் என்றால், பூனையின் உண்மையான தொழில் என்ன என்று பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கல்வராயன் மலையில் இந்தத் தொழில் ஏன் முக்கியம் என்று யோசித்தால் விளங்கும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் (கேரள மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு) காலங்காலமாக விளைவித்தது சாமை, தினை, கேழ்வரகு. மூங்கிலில் முடைந்து, சாணியும் மண்ணும் பூசிய தொம்பையில் தானியம் கிடக்கும். மானாவாரிச் சாமை வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. தொம்பையில் எலி ஓட்டை போட்டால் சாப்பாட்டுக்கும் நஷ்டம், அடுத்த வருஷ விதைக்கும் நஷ்டம். அந்த வீட்டில் பூனை செல்லப்பிராணி இல்லை, காவலாள். எலி, ஓணான், வெட்டுக்கிளி எல்லாம் சம்பளத்தில் சேர்த்தி. எருக்குழி, உமிக்குவியல், உழுத மண் எல்லாம் கழிப்பிடம். வாசல் மரத்தின் பட்டை நகம் தீட்ட. காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

மாடி வீட்டில் டைல்ஸ் தரைக்கு வந்ததும் இந்த மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. கடையில் நாம் வாங்குவது அந்த மூன்றுக்கும் மாற்றுத்தான்.

முல்தானி மட்டியில் பிறந்த லிட்டர்

வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை வழியில் வந்ததால், மண்ணைத் தோண்டி மூடுவது வீட்டுப்பூனைக்குப் பிறவிப் பழக்கம். மேல்நாட்டிலும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட பூனைக்கு மணலோ சாம்பலோதான் வைத்தார்கள். 1947ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசோபோலிஸ் என்ற சிற்றூரில் எட்வர்ட் லோ என்பவர் தொழிற்சாலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருள்கள் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா வந்து, மணல் குவியல் உறைந்துபோச்சு, சாம்பல் போட்டால் வீடெல்லாம் கரிக்கால் தடம், வேறு ஏதாவது இருக்கா என்று கேட்டார். லோ ஒரு பை களிமண் குருணை கொடுத்தார். அந்த அம்மா திரும்பத் திரும்ப வந்து அதையே கேட்டதும், 5 பவுண்டு பைகளில் போட்டு 'கிட்டி லிட்டர்' என்று பெயர் எழுதி 65 சென்டுக்குக் கடையில் வைத்தார். மணல் சும்மா கிடைக்கும்போது மண்ணை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரருக்குச் சந்தேகம். லோ முதலில் இலவசமாகவே கொடுக்கச் சொன்னார். வாங்கிப் போனவர்கள் அடுத்த தடவை காசோடு வந்தார்கள்.

அந்தக் களிமண் எது தெரியுமா? நம்ம வீட்டுப் பெண்கள் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டியின் இனம்தான். ஈரத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இழுக்கும் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

1984ல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பென்டோனைட் களிமண்ணைப் பயன்படுத்தினார். ஈரம் பட்ட இடம் மட்டும் கட்டியாகும், அதை மட்டும் அள்ளிப் போட்டால் போதும். குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் ராஜஸ்தானிலும் பென்டோனைட் ஏராளமாகக் கிடைக்கிறது. நம் ஊர்க் கடையில் இருக்கும் கட்டியாகும் மண் பெரும்பாலும் இதுதான்.

இப்போது செடிவகை லிட்டர்களும் வந்துவிட்டன. சோயாச் சக்கை, மக்காச்சோளம், மரவள்ளி மாவு. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மக்காச்சோளமும் மரவள்ளியும் சின்னசேலம் பக்கம் வயல் வயலாக நிற்பவை. இரண்டாம் உலகப் போரில் கிழக்கிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது 1943ல் சேலத்தில் மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். அன்று பாயசத்துக்குப் போன கிழங்கு, இன்று பூனையின் தொட்டிக்கும் போகிறது.

எதை எடுப்பது? பெரும்பாலான பூனைகள் நுண்ணிய, மணல் மாதிரியான, வாசனை சேர்க்காத மண்ணையே விரும்பும். ரோஜா, லாவெண்டர் மணமெல்லாம் வாங்குகிற நமக்காக, பூனைக்காக இல்லை. களிமண் வகையைக் கழிவறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். செடிவகை லேசானது, தூசி குறைவு, ஆனால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும், டப்பாவில் மூடி வையுங்கள். ரொம்பச் சின்னக் குட்டி எதையும் வாயில் போடும், அதுக்குக் கட்டியாகாத வகைதான் நல்லது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பட்டறைகளில் மரத்தூளும் கிடைக்கிறது. ஆனால் பொடித் தூள் பூனையின் மூச்சுக்கு ஆகாது, இலவசம் என்று அள்ளி வராதீர்கள்.

மண் எதுவானாலும் தினமும் அள்ளுங்கள். பூனைக் கழிவில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, வெளியே வந்து 1 முதல் 5 நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும். கிருமியின் சுழற்சியில் பூனைக்கு இருக்கும் இடத்தை 1970ல் தெளிவாக்கிய ஆய்வாளர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஜே. பி. துபே. கர்ப்பிணிகள் இந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது.

பாலும் பூனையும்

பூனை என்றால் பால் என்று நம் மனதில் ஆழப் பதிந்திருக்கிறது. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். தெனாலிராமன் கதையில் அரசர் எலியை ஒழிக்கப் பூனை கொடுக்கிறார், கூடவே அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் கொடுக்கிறார். ராமன் கொதிக்கிற பாலை வைத்துச் சூடு காட்ட, பூனை பாலைக் கண்டாலே ஓடுகிறது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறு: எலி பிடிக்க வந்த பூனைக்கே பசு மானியம் தேவை என்று ஓர் அரசாங்கம் நினைத்ததாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்!

உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றைப் போக்கும். அதைவிடப் பெரிய விஷயம் 1975ல் தெரிந்தது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை சிதைந்து பார்வை போனது. காரணம் டாரின் என்ற சத்துக் குறைவு என்று ஹேய்ஸும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். நாய்க்கும் நமக்கும் அதை உடலே ஓரளவு செய்துகொள்ளும். பூனையால் போதுமான அளவு முடியாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். சோற்றில் இல்லை, பருப்பில் இல்லை, தயிரில் பெயருக்குத்தான்.

அத்தையின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பாட்டி வீட்டுப் பூனை பால்சோற்றால் வாட்டசாட்டமாக இருக்கவில்லை. பாட்டி தூங்கின பிறகு அது தின்ற எலியால் இருந்தது. எலியின் உடம்பில் டாரினும் உண்டு, மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரும் உண்டு. எலியே இல்லாத மாடி வீட்டில் வெறும் தயிர்சோற்றில் வளரும் பூனை, சம்பளம் நின்றுபோய் இனாமில் காலம் தள்ளுகிறது. கண்ணும் இதயமும் மெதுவாகக் கெடும். வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும்.

அதற்காகக் கடைப் பையைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் வேண்டாம். 1987ல் பால் பையன் என்ற கால்நடை மருத்துவரும் சகாக்களும் கலிஃபோர்னியாவில், கடைத் தீனியிலேயே வளர்ந்த பூனைகள் இதயம் வீங்கிச் சாவதற்கும் டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் அளவைக் கூட்டின. அமெரிக்காவின் தீனித் தரக் குறிப்புப்படி, ஈரம் நீக்கிய கணக்கில் உலர்தீனியில் 0.1 சதவீதம், டப்பா தீனியில் 0.2 சதவீதம் டாரின் வேண்டும். வளர்ந்த பூனைக்குப் புரதம் குறைந்தது 26 சதவீதம், குட்டிக்கு 30. பையின் முன்பக்கப் படத்தை விடுங்கள், பின்பக்கம் திருப்பி 'டாரின்' இருக்கிறதா, 'முழுமையான சரிவிகித உணவு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நாய்த்தீனியைப் பூனைக்குப் போடாதீர்கள்.

வீட்டுச் சாப்பாடு கொடுக்கிறவர்கள் கோழி ஈரல், இதயம், மீன் வேகவைத்துக் கொடுத்தால் வெந்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். டாரின் நீரில் கரைந்து போகும். ஈரல் கொஞ்சமாகவே. மத்தி மாதிரி மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் பி1 வைட்டமின் குறையும், வேகவைத்துவிடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். சின்ன வெங்காயச் சாம்பார் சோறு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் செல்களைக் கெடுக்கும். உலர்தீனியில் தண்ணீர் 10 சதவீதம்போலத்தான், ஈரத்தீனியில் 75க்கு மேல். பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. அதனால் உலர்தீனி மட்டும் கொடுக்கிற வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும்.

உறியிலிருந்து பூனைவணங்கிவரை

பழைய வீட்டில் பூனையை நினைத்துச் செய்த சாமான் என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: உறி. அதுவும் பூனைக்கு எட்டாமல் தயிரைத் தொங்கவிட! மற்றபடி வேண்டியதைப் பூனையே தேடிக்கொண்டது.

இன்று வாங்கும் சாமானில் நகம் கீறத் தூண் மட்டும் அவசியம். கட்டையில் தேங்காய் நார்க் கயிறோ கற்றாழைக் கயிறோ இறுக்கிச் சுற்றினால் போதும், பூனை நிமிர்ந்து நீளும் உயரம் இருக்க வேண்டும். சாக்குப்பையை ஆணியடித்தாலும் சரி. கழுத்துப்பட்டை போட்டால் எங்காவது மாட்டினால் தானாகக் கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும். லிட்டர் தொட்டி பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், கடையில் வேண்டாம், பிளாஸ்டிக் அன்னக்கூடையே பல சமயம் மலிவாக, பெரிதாகக் கிடைக்கும்.

'கேட்னிப்' என்று வெளிநாட்டு இலைப்பொடி ஒன்று விற்கிறார்கள், பூனை மயங்கிப் புரளும். நம் எருக்குழி ஓரத்துக் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருக்கிறது. பிடுங்கின வேரைக் கண்டால் பூனை வந்து முகர்ந்து புரளுவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். தின்னக் கொடுக்க வேண்டாம், அதில் நச்சுப்பொருளும் உண்டு. ஆனால் பூனையை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

மலையில் இன்னும் தொம்பையும் களமும் உள்ள வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் இந்த அலமாரியில் எதையும் வாங்க வேண்டியதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் போட வேண்டும், அது எலியோடு வராது. ஆனால் பூனையைக் கதவுக்குள் வைத்துப் பூட்டுகிற நாம், எலியையும் மண்ணையும் மரத்தையும் வெளியே நிறுத்திவிட்டோம். மாசாமாசம் கடையில் கட்டுவது அந்தப் பழைய வேலைக்காரனின் சம்பளப் பாக்கி.