தோன்றா எழுவாய்: ஹிரோஷிமா கல்வெட்டும் சயாம் ரயிலும்

அணுகுண்டு வீச்சைக் கண்டித்த ஆசியக் குரல் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் இந்திய நீதிபதி ராதாவினோத் பால். பசிபிக் போரில் நாஜித் தலைவர்களின் கட்டளைகளை நெருங்கும் செயல் ஒன்று உண்டென்றால் அது குண்டை வீச எடுத்த முடிவுதான் என்பது, டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் 1948இல் அவர் அளித்த மாறுபட்ட தீர்ப்பின் கருத்து. அதில் எனக்குப் பிணக்கில்லை. 1952 நவம்பரில் ஹிரோஷிமாவில் அவர் ஒரு கல்லை வாசித்த விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்த நினைவுக்கல் அவ்வாண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. வாசகத்தை எழுதியவர் சைக்கா தடயோஷி. பேராசிரியர், தாமே குண்டுக்கு ஆளானவர். இறந்தோரை அமைதியாக உறங்கச் சொல்லி, தவறு மீண்டும் இழைக்கப்படாது என்று அது உறுதி தருகிறது. இனி இழைக்காதிருக்கப் போவது யார்? மூலத்தில் எழுவாய் இல்லை. பால் அங்கே ஜப்பானியரை வைத்து வாசித்தார். குண்டு போட்டவர்கள் அவர்கள் அல்லவே என்று சினந்தார். பேசுவது மனித குலம் என்று சைக்கா மறுத்து எழுதினார். 1983இல் வைக்கப்பட்ட விளக்கப் பலகையும் அவர் பக்கமே நிற்கிறது.

நம் இலக்கணத்தில் சொன்னால், தோன்றா எழுவாயைப் பால் 'நாங்கள்' என்று நிரப்பினார். சைக்கா 'நாம்' என்றார். ஓர் இடர் உண்டு: கல் விளிப்பது இறந்தவர்களை. 'நாம்' என்றால் அவர்களும் வாக்குக் கொடுப்பவர்களாகிவிடுவர். ஆகவே 'செய்ய மாட்டோம்' என்று மட்டும் பெயர்ப்பதே தகும். 'ஓம்' விகுதி இரண்டையும் தாங்கும். குற்றவாளி ஒருவரைத் தேடும் நீதிபதியின் கண்ணுக்கு இந்தத் திறப்பு குறையாகப் பட்டிருக்கலாம். எனக்கு அதுதான் கல்லின் உயிர்.

மலேசியாவின் கிரியான் வட்டாரத்துப் பாகான் செராயிலிருந்து பார்க்கையில் இது வெறும் இலக்கண வழக்கு அல்ல. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் தோட்டத் தமிழர்களைச் சயாமுக்கு ஏற்றிச் சென்ற சரக்கு வண்டிகள் இவ்வூர் வழியே பாடாங் பெசார் நோக்கி வடக்கே போயின. அவர்களைக் கொண்டு சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் குறைந்தது 60,000 பேர் என்றது டோக்கியோ தீர்ப்பாயத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு. பின்வந்த ஆய்வாளர் சிலரின் கணக்கு இதைவிட மிகுதி. அதே பாதையில் போர்க்கைதிகளை வேலை வாங்கியதைப் பாலோ அரசின் செயல் என்று கொண்டு, தனிமனிதர் எவர்மீதும் குற்றம் சாட்ட மறுத்தார். தவறு ஜப்பானுடையதன்று என்று கல்லின் முன் அவர் சொன்னபோது, இந்தச் சாவுகளும் சேர்ந்தே விடுபட்டன.

எதிர்முனையில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் நியூமன் நிற்கிறார்: போர் நீடித்த ஒவ்வொரு மாதமும் ஆசியர்கள் பெருந்தொகையாக மடிந்தனர், ஆதலால் குண்டு சரி என்பது அவர் வாதம். நம் சாவைக் காட்டிக் குண்டுக்கு நியாயம் தேடுவது எனக்கு ஒப்பவில்லை. ரயில் பாதை 1943 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதில் மாண்டவர்களைக் குண்டு காப்பாற்றவில்லை. முகாம்களில் எஞ்சியிருந்தோருக்குச் சரணடைவு விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் சரணடைவுக்குக் குண்டு காரணமா, சோவியத் படையெடுப்பு காரணமா என்பது வரலாற்றாசிரியரிடையே இன்னும் தீராத வழக்கு.

ஹிரோஷிமாவில் அந்த வாசகத்தைத் தாங்கும் கற்பேழைக்குள் இறந்தோரின் பெயர்ப் பதிவேடுகள் இருக்கின்றன. சயாமில் மடிந்த தமிழருக்கு முழுமையான பதிவேடு இல்லை. கிரியான் வட்டாரத்தில் எவர் வீட்டிலாவது சயாமுக்குப் போனவரின் பெயர் நினைவிலிருந்தால், ஊரும் தோட்டமும் சேர்த்து இப்போதே எழுதி வையுங்கள்.