சீமையகத்தி வந்த வழி

வேனில் முதிர்ந்து வியர்வை பெருகும் நாட்களில், நம்மவர் பலருக்குக் கழுத்திலும் முதுகிலும் தோளிலும் வெளிறிய புள்ளிகள் தோன்றக் காண்கிறோம். தேமல் என்பது அதன் பெயர். அதற்கு ஊரார் பூசிவரும் ஓர் இலையின் வரலாற்றையே இன்று பேச எண்ணுகின்றேன். அதற்கு முன், என் இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுதல் வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பிற் படித்தபோது, என்னருகே வாங்கில் இருந்த மாணவனின் கழுத்தில் இத்தகைய புள்ளிகள் கண்டன. அது குட்டநோயின் தொடக்கம் என்று எவரோ சொல்லிவிட்டனர். நான் என் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வேறு வாங்கிற்குப் போனேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். ஒரு தவணை முழுவதும் அவன் தனியே இருந்தான். அவனுடைய அம்மம்மா வேலியோரத்துச் சீமையகத்தி இலையை அரைத்து நாள்தோறும் பூசிவந்தார். புள்ளிகள் மெல்ல மங்கின. ஆயினும் எங்கள் வாங்கிற்கு அவன் திரும்பி வரவேயில்லை.

அந்த இலை எங்கிருந்து வந்தது? அதன் பெயரே விடை கூறும். அகத்தியைப் போன்ற கூட்டிலையும், மெழுகுதிரி போல் நிமிர்ந்து நிற்கும் மஞ்சட் பூங்கொத்தும் உடைய இச்செடி, கடலுக்கு அப்பாலிருந்து வந்தமையாலே ‘சீமை’ என்னும் அடை பெற்றது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளே அதன் தாயகம். சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு 1753 இல் அதற்குக் ‘காசியா அலாட்டா’ எனப் பெயரிட்டார். ‘அலாட்டா’ என்றால் சிறகுடையது என்பது பொருள். அதன் காய்களின் விளிம்பு சிறகுபோல் விரிந்திருத்தலைக் காணலாம். இன்று தாவரவியலார் அதனைச் ‘சென்னா அலாட்டா’ என்பர்.

பிற நாட்டாரும் அதன் வரவைப் பெயரிலே பொறித்து வைத்துள்ளனர். 1565 முதல் 1815 வரை, மெக்சிக்கோவின் அகபுல்கோத் துறைமுகத்திற்கும் மணிலாவிற்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. பிலிப்பைன் தீவினர் இன்றும் இச்செடியை ‘அகபுல்கோ’ என்றே அழைக்கின்றனர். தாய்லாந்தினரின் பெயரில் அயல்நாட்டைக் குறிக்கும் சொல் இருக்கிறது. மலாயர் அதனைப் ‘படர்தாமரை இலை’ எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். நம்மவரும் வண்டுகடி என்னும் தோல்நோயை நீக்குதல் கருதி, அதனை ‘வண்டுகொல்லி’ என்றனர். மொழி வேறாயினும், மக்கள் கண்ட பயன் ஒன்றாயிருந்தது.

நோயின் காரணம் பின்னரே துலங்கிற்று. 1846 இல் ஜேர்மனிய வைத்தியர் ஐக்சிற்றெட்டு, தேமலில் நுண்ணிய பூஞ்சணம் இருப்பதைக் கண்டார். அது மதுவ இனத்தைச் சேர்ந்தது. நலமுள்ளோர் தோலிலும் வாழ்வது. வெப்பமும் வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் மிகும்போது அது அளவின்றிப் பெருகித் தோலின் நிறத்தை மாற்றுகின்றது. ஆதலால் தேமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதாகக் கருதப்படுவதில்லை. குட்டநோய்க்குக் காரணமான கிருமியையோ நோர்வே வைத்தியர் ஹான்சன் 1873 இல் கண்டறிந்தார். இரண்டும் முற்றிலும் வேறானவை.

இலையின் ஆற்றலும் சோதிக்கப்பட்டது. பூஞ்சணத்தை அடக்கவல்ல கிரைசோபானிக் அமிலம் முதலிய பொருள்கள் அதில் உள்ளன. அதன் சாற்றைத் தேமலுக்குப் பூசிப் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வொன்று நற்பயன் கண்டதாக 1994 இல் வெளிவந்தது. பிலிப்பைன் அரசின் சுகாதாரத் திணைக்களம் பரிந்துரைத்த பத்து மூலிகைகளுள் இதுவும் ஒன்று.

எனினும் இலைக்கும் எல்லையுண்டு. அது தோலின் மேற்புறத்திற்கே உரியது. புண்பட்ட தோலிற் பூசலாகாது. எரிச்சல் கண்டால் உடனே கழுவிவிட வேண்டும். தேமல் வராது காக்க விரும்புவோர், வியர்த்தபின் குளித்து உடலை நன்கு துவட்டுதலும், தளர்ந்த பருத்தியாடை அணிதலும், தோலில் எண்ணெய் பூசுவதைக் குறைத்தலும் நலம். வாயிலும் மறைவிடங்களிலும் வரும் மதுவ நோய்க்கும், நீரிழிவு உள்ளவர்க்கு அடிக்கடி வரும் தோல்நோய்க்கும் வைத்தியரையே நாடுக. வெளிறிய இடத்தில் உணர்ச்சி குன்றியிருப்பின் ஒருநாளும் தாமதித்தல் கூடாது. குட்டநோயும் இன்று முற்றாகக் குணமாவதே. அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்கு இலவசமாகச் சிகிச்சை உண்டு.

நேயர்களே, ஓர் இலை சமுத்திரங்களைக் கடந்து எங்கள் வேலியோரத்தை அடைந்து, எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் அம்மியில் மருந்தாயிற்று. ஆனால் தேமல் வேறு, குட்டநோய் வேறு என்று 1873 இலேயே தெளிந்துவிட்ட செய்தி, நூறாண்டு கழிந்தும் எங்கள் வகுப்பறையின் வாசலைத் தாண்டி வரவில்லை. அந்த மாணவனின் தேமலை இலை நீக்கிற்று. நாங்கள் செய்த விலக்கத்தை நீக்க எந்த இலையும் இல்லை. இன்று ஒரு பாடசாலையின் அதிபராக, புதிய வகுப்பொன்றினுள் நுழையுந்தோறும், தனியே இருக்கும் பிள்ளை எவரேனும் உண்டோ என்றே என் கண்கள் முதலில் தேடுகின்றன.