ராகேல் கேட்ட இன்னொரு மகன்

பெற்ற பிள்ளையைக் கையில் ஏந்தியபடியே அடுத்த பிள்ளையைக் கேட்டவள் ராகேல். அக்காள் லேயாளுக்கு ஆறு மகன்கள். இவளுக்கோ நெடுங்காலம் ஒன்றுமில்லை. கடைசியில் ஒருவன் பிறந்ததும், கடவுள் இன்னொருவனையும் கூட்டித் தரட்டும் என்று வேண்டி யோசேப்பு எனப் பெயரிட்டாள் என்கிறது ஆதியாகமம். எபிரேயத்தில் 'யோசேஃப்' என்றால் 'அவர் கூட்டுவார்'. வேண்டுதல் பலித்தது. ஆனால் பென்யமீனைப் பெற்ற பிரசவத்திலேயே அவள் இறந்துபோனாள்.

கி.பி. முதல் நூற்றாண்டு யூதேயாவில் தடுக்கி விழுந்தால் ஒரு யோசேப்பு. அக்காலப் பெயர்களைத் திரட்டிய ஆய்வாளர் தல் இலானின் கணக்கில், ஆண்பெயர்களில் சீமோனுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இயேசுவின் வளர்ப்புத் தந்தை, அவரைத் தன் கல்லறையில் அடக்கம் செய்த அரிமத்தியா ஊரார், வரலாற்றாசிரியர் யோசேபஸ் எல்லாரும் இதே பெயர்க்காரர்கள். அடையாளம் காட்ட ஊர்ப்பெயரோ பட்டப்பெயரோ இல்லாமல் முடியாது. இயேசுவை விசாரித்த தலைமைக் குரு கயபாவின் இயற்பெயரும் யோசேப்புதான். அதைச் சுவிசேஷங்கள் சொல்லவில்லை, யோசேபஸ் சொல்கிறார்.

1990-இல் எருசலேமின் தெற்கே கட்டுமானப் பணியின்போது ஒரு குகைக் கல்லறை திறந்துகொண்டது. உள்ளே எலும்புகள் வைத்த சுண்ணாம்புக்கல் பெட்டிகள். அவற்றில் ஒன்றின் முகப்பில் வட்ட வட்டமாய் நேர்த்தியான பூவேலை. பக்கவாட்டிலோ ஆணியால் கீறியதுபோல் கோணல் எழுத்து: 'யெஹோசேப் பர் கயபா'. அந்தக் குருவே இவர் என்பது பலர் கருத்து, ஐயப்படுவோரும் உண்டு. இத்தனை செலவில் பெட்டி செய்தவர்கள் பெயரை மட்டும் ஏன் இப்படிக் கிறுக்கினார்களோ!

ஐரோப்பியக் கிறிஸ்தவர்களிடம் இந்தப் பெயர் மெல்லத்தான் பரவியது. புனித யோசேப்பு மீதான பக்தி வளர்ந்து, 1621-இல் மார்ச் 19 கடன்திருநாளான பிறகே செல்வாக்குக் கூடியது. இத்தாலியில் ஜுசெப்பே, போர்ச்சுகலில் ஜுசே. அந்தப் போர்ச்சுகீசிய ஒலிதான் தமிழ்க் கத்தோலிக்கரிடம் 'சூசை' ஆனது. முஸ்லிம்களின் யூசுப், குர்ஆனின் 12-ஆம் அத்தியாயத்தின் நாயகர். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் சூசையும் யூசுப்பும் ஜோசப்பும் குடியிருக்க, மூவருக்கும் ஒரே பெயர் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

ஊரெல்லாம் ஒலியை வாங்கிக்கொள்ள, பொருளைப் பிடித்தவர் வீரமாமுனிவர். கூடுதல், பெருக்கம் என்ற எபிரேயப் பொருளுக்கு 'வளன்' என்று தமிழ் கண்டு, 1726-இல் முடித்த தேம்பாவணியில் 3,615 பாடல்களுக்குப் புனித யோசேப்பையே தலைவராக்கினார். தம் இத்தாலியப் பெயரிலும் ஒரு ஜுசெப்பே இருந்தது காரணமாய் இருக்கலாம். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த செயின்ட் ஜோசப் கல்லூரி, இன்றும் தமிழில் தூய வளனார் கல்லூரிதான்.