மரம் நட்டுக் கொன்ற சதுப்பு

வாகமண்ணுக்குப் போகிறவர்கள் பைன் காட்டில் இறங்காமல் ஊர் திரும்புவதில்லை. கொடைக்கானலிலும் அதே கதைதான். வரிசை பிடித்து நிற்கும் மரங்கள், நடுவே சாய்வாக இறங்கும் வெயில், கல்யாண ஆல்பத்துக்கு ஏற்ற இடம். படத்தில் எல்லாம் பச்சையாகத் தெரியும். மரத்தை விட்டுத் தரையைப் பாருங்கள். காய்ந்த ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும். அதைக் கிளறினாலும் கீழே புல் அகப்படுவது அபூர்வம். இந்த இரங்கல் அந்தத் தரைக்கு.

இடுக்கியின் கிழக்கு ஓரம், அதை ஒட்டிய பழனி மலை, ஆனைமலை, பாலக்காட்டின் சைலன்ட் வேலிக்கு மேலே எழும் நீலகிரி, எல்லாம் உச்சியில் ஒரே சாயல்தான். மேட்டில் புல்வெளி. மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த சோலை. சரிவு தட்டையாகும் பள்ளங்களில் சதுப்பு. புல்லையும் சோலையையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சதுப்பு செத்ததைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

அது பார்வைக்கு எடுப்பான இடம் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். தூரத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் கருத்த புல் திட்டு, அவ்வளவே. கால் வைத்தால் மண் அமுங்கும், எடுத்த சுவட்டில் தண்ணீர் ஊறி நிற்கும். குனிந்து உட்கார்ந்தால்தான் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரியும். அழுகண்ணி இனத்துச் செடி ஒன்று, இலையின் ஒவ்வொரு மயிர் நுனியிலும் பிசின் துளி ஏந்தி, கொசுவும் சிறு ஈயும் வந்து ஒட்டக் காத்திருக்கும். அந்த மண்ணில் நைட்ரஜன் குறைவு. பூச்சியைத் தின்றுதான் அது சமாளிக்கிறது. பக்கத்திலேயே ஊதா நிறத்தில் சின்னப் பூக்கள். அது யூட்ரிகுலேரியா. இது பூச்சிகளை மேலே பிடிப்பதில்லை. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய பைகளால் நீரில் திரியும் உயிர்களை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைச் சட்டைப் பொத்தானைக் குச்சியில் குத்தி வைத்தது போல எரியோகாலன். ஊடே கோரைகள், தரை ஆர்க்கிட்கள். ஓரத்தில் செந்நிறப் பூவோடு ரோடோடெண்ட்ரான். மழைக்காலத்து நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் ஓடைக்குச் சொட்டுச் சொட்டாக விட்டது இந்தக் கூட்டம்.

வயது? நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆய்ந்து ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்தக் கரிமண் அடுக்குகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் தட்பவெப்பப் பதிவு. பனியுகத்திலேயே அங்கே புல் இருந்தது. காட்டை வெட்டி மாடு மேய்த்ததால்தான் புல்வெளி வந்தது என்ற பழைய வாதம் அதோடு அடிபட்டுப் போயிற்று. ஆனால் அந்த வாதத்தை நம்பி நட்ட மரங்கள் அப்படியே நிற்கின்றன.

மரமில்லாத மலையைக் கண்டால் வெள்ளைக்காரனுக்குத் தரிசு என்று தோன்றியது. 1840களில் ஆஸ்திரேலியாவில் இருந்து சீகையும் (வாட்டில் என்றால்தான் கேரளத்தில் புரியும்) கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் நீலகிரிக்கு வந்தன. சீகைப் பட்டை தோல் பதனிட உதவியது, கற்பூர மரம் விறகானது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் வனத்துறைகள் அந்த வேலையைக் கைவிடவில்லை, பெருக்கின. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது, கோட்டயம் வெள்ளூர் காகித ஆலைக்கு மரம் வேண்டியிருந்தது, மூணாறு தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்கு விறகு வேண்டியிருந்தது. மெக்சிகோவின் பைனும் இந்த வரிசையில் வந்து சேர்ந்தது.

யூகலிப்டஸ் தண்ணீர் குடிக்கும் என்பது வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. நீலகிரி கிளென்மார்கனில் புல்வெளியை யூகலிப்டஸ் தோப்பாக்கி அளந்து பார்த்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே ஓடைக்கு வந்து சேரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. ஈரத்தை நம்பி வாழும் சதுப்புக்கு அது போதும். சீகை இன்னும் கெட்டிக்காரன். வெட்டினால் தழைக்கும், எரித்தால் மண்ணில் பல்லாண்டாகக் கிடக்கும் விதை முளைத்து வரும். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. காரணம் மரத்தோப்பும் விவசாயமும்.

எல்லாவற்றையும் மரத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. கொடைக்கானல் ஏரி, 1863இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி அணைகட்டும் வரை சதுப்புதான். பேரிஜம் ஏரியும் அப்படியே. கொடைக்கானலில் படகு விடுகிறோம், பேரிஜத்தில் இருந்து பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிறது. யாரைக் குறை சொல்வது?

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வட்டவடையில் தமிழ்தான் பேசுகிறார்கள். படிக்கட்டு வயலும் பூண்டும் அவர்கள் அடையாளம். அங்கே யூகலிப்டஸுக்கு 'கிராண்டிஸ்' என்று பெயர். நட்டுவிட்டால் ஆள் வேண்டாம், களை எடுக்க வேண்டாம், சில வருடத்தில் வெட்டி விற்கலாம் என்று பட்டா நிலத்தில் நிறைய நட்டார்கள். பிறகு ஊற்றுகள் வற்றின. கூலி கட்டுப்படியாகாத விவசாயி செய்த கணக்கு அது. அவரைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. அரசாங்கமே நாற்றங்கால் போட்டு வளர்த்த மரம்தானே.

குறிஞ்சிக்காவது நாதி இருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து நாடே திரும்பிப் பார்ப்பதால், 2006இல் வட்டவடை, கொட்டகம்பூர் பக்கம் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிமலைச் சரணாலயம் என்று கேரளம் அறிவித்தது. எரியோகாலனுக்கு யார் சரணாலயம் கேட்பார்கள்? திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் கே. எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களைத் தொகுத்துப் போனார். ஒவ்வொரு செடிக்கும் அதில் பெயர் இருக்கிறது. பல பள்ளங்களில் இன்று அந்தப் பெயர் மட்டும்தான்.

மிச்ச சொந்தம் இன்னும் உயிரோடு இருக்கும் இடங்கள் உண்டு: 97 சதுர கிலோமீட்டர் இரவிகுளம், அதை ஒட்டி வால்பாறை பக்கத்துப் புல்மலை, நீலகிரியில் முக்கூர்த்தி. இரவிகுளம் பிழைத்தது தேயிலைத் துரைமார்கள் அதைத் தங்கள் வேட்டைக்காடாக வைத்திருந்ததால்தான் என்பது ஜீரணிக்கக் கொஞ்சம் கடினமான உண்மை.

சோலைக்கு வாரிசு வருகிறது. கொடைக்கானலில் பழைய சீகைத் தோப்பின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தானாக எழும்புகின்றன. அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிழலில் புல் வராது, அழுகண்ணியும் வராது. கேரளத்தின் ஆனமுடிச்சோலையில், பழத்தோட்டம் என்ற ஊர்ப்பக்கம் சீகை எரிந்த இடத்தில் ஊர்க்காரர்களை வைத்தே கேரள வனத்துறை புல் நட்டது. அந்நிய மரங்களை அகற்றத் தமிழ்நாடு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் நீர் வற்றி இறுகிய கரிமண்ணை மறுபடி ஊற வைக்க வனத்துறையிடம் நாற்று கிடையாது.

அடுத்த குறிஞ்சி 2030இல். அதற்குள் உங்கள் கல்லூரியோ சங்கமோ மலையில் மரம் நட வேன் எடுத்துக் கிளம்பினால், அந்த மொட்டை மேடு புல்வெளியா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால் கன்றுகளை இறக்காதீர்கள். ஊருக்குக் கொண்டு போய்த் தெருவோரம் நடுங்கள், அங்கேதான் நிழல் இல்லை.